அணைக்கு மேலே ஊர், அணைக்குக் கீழே மின்சாரம்: மேல் கொத்மலைத் திட்டம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

மழைக்காலத்தை விட்டுப் பார்த்தால், சென்கிளேயார் நீர்வீழ்ச்சி இன்று பகலில் மட்டுமே விழுகிறது. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்லும் வீதியிலிருந்தும் பதுளைப் புகையிரதத்திலிருந்தும் பார்க்கக்கூடிய இந்த அருவிக்கு, தலவாக்கலை அணையிலிருந்து காலையில் குறிப்பிட்ட அளவு நீர் திறந்துவிடப்படுகிறது. பொழுது சாய்ந்ததும் நிறுத்தப்படுகிறது. கைப்பேசியில் படமெடுக்கும் சுற்றுலாப் பயணிக்கு அது போதும். மிகுதி நீர் அருவிக்கு வராமல், மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே கீழிறங்கி, நிலத்தடி மின்நிலையத்தில் சுழலிகளைச் சுற்றிவிட்டுக் கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2012ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் சுருக்கமான கதை இதுதான். இதை விரித்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் திட்டங்கள் நிலைபேறான அபிவிருத்திக்கு உதவுமா என்று கேட்டால், பெரும்பாலோர் யோசிக்காமலே ஆம் என்பர். நிலக்கரி எரிவதில்லை, எண்ணெய்க்கு டொலர் தேடவேண்டியதில்லை, மழை பெய்யும்வரை எரிபொருள் தானாக வந்து சேர்கிறது. 2030ஆம் ஆண்டுக்குள் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்று இலங்கை இலக்கு வைத்திருப்பதற்கும், 2022இல் நாடு இருளில் கிடந்த நினைவு இன்னும் ஆறாதிருப்பதற்கும் தொடர்பு உண்டு. ஆயினும் இந்தக் கேள்வியைக் கொழும்பிலிருந்து கேட்பது வேறு, தலவாக்கலையிலிருந்து கேட்பது வேறு. நாட்டின் பெரிய நீர்மின் நிலையங்களுக்கான நீரில் பெரும்பகுதி மத்திய மலைநாட்டில் பெய்யும் மழையே. அந்த மழையில் நனைந்தபடி கொழுந்து பறிப்பவர்கள், அந்த நீரின்மீதோ, நிற்கும் நிலத்தின்மீதோ, படுத்துறங்கும் கூரையின்மீதோ சட்டப்படி உரிமை காட்டும் ஒரு கடதாசியும் இல்லாமல் பல தலைமுறைகளைக் கழித்தவர்கள்.

தொழில்நுட்பம் எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், அதன் பயன் எவரிடம் போய்ச் சேர்கிறது என்பதை அந்தக் கடதாசியே தீர்மானித்திருக்கிறது. மேல் கொத்மலையை மையமாக வைத்து, லக்சபான, உமா ஓயா, தோட்டத்துச் சிறு நீர்மின் நிலையங்கள், கூரைச் சூரியசக்தி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது நான் வந்தடைந்த முடிவு அது.

லக்சபானவின் காலம்

இலங்கையின் பெரிய அளவிலான நீர்மின் வரலாறு பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திரவிடமிருந்து தொடங்குகிறது. மஸ்கெலி ஓயா, கெஹல்கமு ஓயா ஆகிய இரண்டு ஆறுகளின் நீரையும் மின்சாரமாக்கலாம் என்று அவர் 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் கட்டுரை வாசித்தார். அந்தக் கனவு லக்சபான மின்நிலையமாகக் கைகூட 1950 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அதன் பின் வேகம் கூடியது. 1965இல் விமலசுரேந்திர மின்நிலையமும், 1969இல் பொல்பிட்டியவும், 1974இல் புதிய லக்சபானவும், 1983இல் கெனியனும் வந்தன. காசல்ரீயும் மவுசாகலையும் நீர்த்தேக்கங்களாயின.

இந்த ஆண்டுகளை மலையக மக்களின், அதாவது தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்துவந்த தமிழர்களின், இன்னொரு காலவரிசையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்குரிமையும் அதைத் தொடர்ந்து போயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேரை எந்த நாடு எத்தனை பேர் எடுத்துக்கொள்வது என்று பங்கு பிரித்து, மிகுதிப் பேரைப் பின்னுக்கு விட்டது. ஆக, காசல்ரீயில் நீர் நிரம்பிய காலமும், சுற்றியிருந்த லயங்களில் (தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்புகளில்) இந்தியாவா இலங்கையா என்ற விண்ணப்பங்கள் நிரப்பப்பட்ட காலமும் ஒன்றே. மவுசாகலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்த நகரின் கோயில் இன்றும் வெளியே தெரிகிறது. ஊரார் போய்க் கும்பிட்டு வருகிறார்கள். அந்த நகரமும் தேயிலை மலைகளும் மூழ்கடிக்கப்பட்டபோது, அவற்றில் வேலை செய்தவர்களிடம் கருத்துக் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழுந்திராது. வாக்கு இல்லாதவரிடம் அரசியல்வாதி எதற்காகக் கேட்கவேண்டும்?

உயரழுத்த மின்கம்பிகள் லயங்களின் மேலாகவே கீழ்நாட்டுக்குப் போயின. அந்தக் கம்பிக்குக் கீழே குப்பி விளக்கில் பாடம் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். மின்சாரம் லயத்துக்கு வருவதற்கு இருந்த தடை தூரமோ செலவோ மட்டுமல்ல. வீடு தொழிலாளிக்குச் சொந்தமில்லை. ஆகவே இணைப்புக்கு விண்ணப்பிக்கத் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வேண்டும். பல தோட்டங்களில் அந்தக் கடிதத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர்களின் பின்னால் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னர் மின்சாரம் வந்தபோதும் நூறாண்டுக்கு முந்திய சுவர்களில் ஒட்டுப்போட்ட கம்பிகளாகவே அது வந்தது. லயன் குடியிருப்பில் தீ, மின்னொழுக்கே காரணம் என்ற செய்தி மலையகப் பத்திரிகை வாசகருக்குப் பழகிப்போன ஒன்று. ஒரு காம்பராவில், அதாவது ஒரு குடும்பத்தின் அறையில், பற்றிய தீ தகரக்கூரையின் கீழ் மரச்சட்டங்கள் வழியே முழு லயத்தையும் எடுத்துவிடுகிறது. மின்சார வசதி பெற்ற வீடுகள் இத்தனை வீதம் என்று எழுதப்படும் அறிக்கைகளில் இந்த வேறுபாடு தெரிவதில்லை.

தலவாக்கலையில் நடந்தது

மேல் கொத்மலை பொறியியல் வகையில் அழகான திட்டம் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். தலவாக்கலையில் 35.5 மீற்றர் உயரமும் 180 மீற்றர் நீளமும் கொண்ட அணை. அதற்குப் பின்னால் ஏறத்தாழ 8 இலட்சம் கன மீற்றர் மட்டுமே கொள்ளும் சிறு நீர்த்தேக்கம். அங்கிருந்து கிட்டத்தட்ட 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கம். முடிவில் நிலத்தடி மின்நிலையம். அணையில் நிற்கும் நீருக்கும் கொத்மலை நீர்த்தேக்கத்தின் மட்டத்துக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு 500 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர் என்பதால், 150 மெகாவாட்டை முழுமையாக எடுக்க விநாடிக்கு 36, 37 கன மீற்றர் நீர் போதுமாகிறது. நிரம்பிய தேக்கத்தை முழு வேகத்தில் திறந்தால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலத்தில் அது வடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலை ஆறரைக்கும் இரவு பத்தரைக்கும் இடையில் நாடு முழுதும் மின்குமிழ்களும் தொலைக்காட்சிகளும் எரியும் உச்ச வேளைக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

ஆண்டொன்றுக்கு எதிர்பார்க்கப்பட்ட உற்பத்தி 409 கிகாவாட் மணி, அதாவது 40 கோடியே 90 இலட்சம் அலகுகள். நிலையத்தின் முழுத் திறனோடு ஒப்பிட்டால் இது மூன்றிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் அதை வைத்து நிலையம் முக்காற்பொழுதும் சும்மா கிடக்கிறது என்று எண்ணுவது தவறு. தேவைப்படும் வேளையில் எழுந்து நிற்பதே அதன் வேலை. போதாததற்கு, இங்கே ஒருமுறை சுழலியைச் சுற்றிய நீர் கீழே கொத்மலையின் 201 மெகாவாட் நிலையத்தையும், மகாவலியில் இறங்கிய பின் இன்னும் பல நிலையங்களையும் சுற்றுகிறது. வழியில் வயலுக்கும் பாய்கிறது. அக்கரப்பத்தனை மலையில் பெய்த ஒரு துளி எத்தனை முறை விற்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தவர் அதிகம் இருக்கமாட்டார்.

இவ்வளவு நன்மையுள்ள திட்டம் ஏன் இழுபட்டது? ஜப்பானிய உதவியோடு 1980களிலேயே சாத்தியக்கூறு ஆய்வு நடந்திருந்தது. அன்றைய வடிவத்தில் பல அருவிகளின் நீரைத் திருப்புவதாக இருந்ததால், 1990களின் நடுப்பகுதியில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதற்கு அனுமதி மறுத்தது. மேன்முறையீடுகளும் வழக்குகளும் நடந்தன. திட்டம் சுருக்கப்பட்டு, கிளை ஆறுகள் விடப்பட்டு, கொத்மலை ஓயாவோடு மட்டும் நின்றது. சுற்றாடல் அமைப்புகள் அருவிகளுக்காகப் பேசின. மலையகக் கட்சிகள் மக்களுக்காகப் பேசின. மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரனின் எதிர்ப்பு அவற்றில் உரத்தது. தலவாக்கலை தமிழர் செறிந்து வாழும் நகரம். அதைக் கலைத்தால் அரசியல் பலமும் கலையும் என்ற அச்சம் அந்த எதிர்ப்புக்குள் இருந்தது. அந்த அச்சத்தை மிகையென்று ஒதுக்கியவர்களுக்கு 1948 நினைவில் இருக்கவில்லை.

மஸ்கெலியா ஓசையின்றி மூழ்கியது; தலவாக்கலை பத்தாண்டுக்கும் மேலாக வாதாடியது. இந்த இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் மாறியது ஒன்றுதான்: பின்னதில் மக்களிடம் வாக்குச்சீட்டு இருந்தது. வாதாட்டத்தால் திட்டத்துக்கு நேர்ந்தது கெடுதலா என்றால், இல்லை. அருவிகள் பல தப்பின, நீர்த்தேக்கம் சிறிதாயிற்று, இடம்பெயர்வோருக்கு என்ன கிடைக்கும் என்பது எழுத்தில் வந்தது. எதிர்ப்பினால் நாட்டுக்கு இழப்பு, எண்ணெய் மின்சாரத்துக்குக் கோடிக்கணக்கில் செலவு என்று அன்று எழுதியவர்கள், அந்த எதிர்ப்பு இல்லாமல் எந்தத் திட்டம் வந்திருக்கும் என்பதையும் சேர்த்து எழுதியிருக்கவேண்டும்.

ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்மாற்றப்பட்டன. லயத்திலிருந்தும் ஆற்றோரக் குடிசையிலிருந்தும் சென்றவர்களுக்குத் தனி வீடுகள் கிடைத்தன. அந்த வீடுகள் அவர்கள் விட்டுவந்தவற்றைவிட நல்லவை என்பதை மறுப்பது நேர்மையாகாது. நகரத்துக் கடைக்காரரின் கணக்கு வேறாக இருக்கலாம். எனக்கு உறுத்துவது இன்னொன்று. அணைக்கட்டுக்கு நிலம் தேவைப்பட்டதால் இந்தக் குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியே வந்தன. அணை தேவைப்படாத அடுத்த டிவிசனில், அதாவது தோட்டத்தின் அடுத்த பிரிவில், அதே வயதுள்ள லயம் அதே இடத்தில் நிற்கிறது. ஒருவருக்குத் தனி வீடு கிடைக்க அவரது வாசலுக்கு வெள்ளம் வரவேண்டியிருந்தது என்றால், அதை அபிவிருத்தித் திட்டம் என்பதைவிட அதிர்ஷ்டச் சீட்டு என்பதே பொருந்தும்.

நிலையம் கட்டும்போது சுரங்க வேலைக்கும் கொங்கிரீட் வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. கட்டி முடிந்தபின் நீர்மின் நிலையம் ஒன்றுக்கு அதிகம் பேர் தேவையில்லை. நகரத்துக்கு மிஞ்சியவை நீர்த்தேக்கத்தின் காட்சியும், பெருமழை நாட்களில் வான்கதவு திறக்கப்படுகிறது, தாழ்நிலத்தில் இருப்போர் அவதானமாக இருக்கவும் என்ற அறிவித்தலும்.

இந்தத் தேக்கத்தின் ஆயுள் அதற்கு மேலேயுள்ள மண்ணில் இருக்கிறது. அக்கரப்பத்தனை, லிந்துலை, நானுஓயாப் பக்கத்துச் சரிவுகளில் தேயிலை அடர்ந்து நின்றால் மண் நிற்கும். தேயிலை பிடுங்கப்பட்டு உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏறும் இடங்களில், ஒவ்வொரு மழைக்கும் மண் ஓடைக்கு இறங்குகிறது. தேக்கம் சிறிது என்பதால் வண்டல் விரைவில் உறுத்தும். மதகுகளைத் திறந்து கழுவிவிடும்போது நீரும் மின்சாரமும் சேர்ந்தே போகின்றன. காண் (வடிகால்) வெட்டுவது, சரிவில் கல் அடுக்குவது, கவ்வாத்து வெட்டிய மலையில் மிலாறை, அதாவது வெட்டிய கிளைகளை, பரப்பி மண்ணை மூடுவது ஆகிய பழைய தோட்ட வேலைகள் மின்நிலையத்தின் பராமரிப்பு வேலைகளே. ஆட்குறைப்பில் முதலில் கைவிடப்படுபவையும் இவைதாம். மின்சார சபையின் செலவுக் கணக்கில் டர்பைனுக்கு எண்ணெய் போடுவது இருக்கும். காண் வெட்டும் கூலி இராது.

உமா ஓயாவைச் சுருக்கமாகவேனும் குறிப்பிடவேண்டும். பதுளை மாவட்டத்தில் ஈரானிய நிறுவனம் கட்டிய இந்த 120 மெகாவாட் திட்டம் 2024 ஏப்ரல் 24 அன்று திறந்துவைக்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுக்கு முன், 2014இன் இறுதியில், சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. நீரைத் தேடிச் சுரங்கம் வெட்டிய இடத்தில் மக்கள் பவுசர் நீருக்கு வரிசையில் நின்றார்கள். அங்கேயும் நட்டஈட்டுப் படிவத்தின் முதல் கேள்வி காணிக்கு உறுதிப்பத்திரம் உண்டா என்பதாகவே இருக்கும். கிராமத்தவரிடம் பழைய உறுதியோ அனுமதிப்பத்திரமோ தேடினால் அகப்படக்கூடும். தோட்டக் குடியிருப்பாளர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது?

ஓடையும் ஸ்டோரும்

பெரிய அணைகளைப் பேசும்போது, மலையகத்தின் முதல் நீர்மின்சாரம் தேயிலை ஸ்டோருக்குத்தான், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலைக்குத்தான், வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். ஆங்கிலேயத் துரைமார் காலத்தில், ஓடையை மறித்து இரும்புக் குழாயில் இறக்கிச் சிறு சுழலியால் உருளை எந்திரங்களைச் சுற்றவைத்த தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. தேசிய மின்வலையமைப்பு தோட்டங்களை எட்டியதும் அவை கைவிடப்பட்டன. பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் குழாய்களை இன்றும் சில மலைகளில் காணலாம்.

1990களின் நடுவில் காற்று மாறியது. 10 மெகாவாட்டுக்குக் குறைந்த தனியார் நிலையங்களிலிருந்து ஒரே மாதிரியான ஒப்பந்தத்தில் மின்சாரம் வாங்க இலங்கை மின்சார சபை முன்வந்தது; உலக வங்கியின் கடனுதவியும் சேர்ந்தது. 1996இல் டிக்கோயாவில் ஒரு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைந்த நிலையம் முதலாவதாக வலையமைப்பில் இணைந்தது. பின்னர் மலையகத்திலும் சப்பிரகமுவவிலும் நிலையங்கள் பெருகின. வெளிநாட்டு நிறுவனங்களை நம்பியிராமல் உள்ளூர்ப் பொறியியலாளரும் உள்ளூர் வங்கிகளும் உள்ளூர்ப் பட்டறைகளும் சேர்ந்து ஒரு தொழிற்றுறையை உருவாக்கியது சிறிய சாதனையல்ல. அதற்குரிய மதிப்பைக் கொடுத்தே ஆகவேண்டும்.

பணம் போன பாதையைத் தொடர்ந்தால் மீண்டும் அதே கடதாசி வந்து நிற்கிறது. 1972இலும் 1975இலும் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. நிலக் குத்தகை 53 ஆண்டு, அதாவது 2045 வரை. தோட்டத்தினுள் ஓடும் ஓடையில் நிலையம் கட்டுபவர் கம்பனியோடு பேசுவார், அல்லது கம்பனியே கட்டும். ஓடையில் குளித்தவர்களும், துணி துவைத்தவர்களும், மரக்கறிப் பாத்திக்கு நீர் மொண்டவர்களும் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்லர். அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட துண்டில் ஓடை காய்ந்து கிடப்பதைப் பற்றி முறைப்பாடு எழவே செய்கிறது. குறைந்தபட்ச நீரை விடவேண்டும் என்ற நிபந்தனை கடதாசியில் இருந்தாலும், வரட்சி மாதத்தில் அதைப் போய் அளப்பவர் எவரும் இல்லை.

இதே காலத்தில் கிராமங்களில் வேறொரு முறை தழைத்தது. சில கிலோவாட் திறனுள்ள நிலையத்தை ஊரவரே வெட்டிக் கட்டி, மின்சாரப் பாவனையாளர் சங்கம் அமைத்து, மாதம் ஒரு தொகை சேர்த்து நடத்தினார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் இது நடந்தது. பெரும்பாலானவை சப்பிரகமுவவின் சிங்களக் கிராமங்கள். தேசிய மின்சாரம் வந்ததும் பலவற்றை மூடிவிட்டார்கள் என்பது வருந்தத்தக்கதே. ஆனாலும் தம் ஓடையைத் தாமே ஆளும் அனுபவம் அந்த ஊர்களுக்குக் கிடைத்தது. அதைவிட நல்ல நீர்வீச்சுள்ள தோட்டங்களில் அது அரிதாகவே நடந்தது. சங்கம் நடத்தும் திறமை தோட்டத்தாருக்கு இல்லையென்று சொல்லமுடியாது. கோயில் திருவிழாவும் மரணாதார சங்கமும் நடத்துபவர்கள் அவர்கள். ஓடை அவர்களுடையதாக இருக்கவில்லை என்பதே காரணம்.

சிறு நிலையங்கள் தொழிலாளிக்கு எவ்விதத்திலும் பயனில்லை என்றும் சொல்லிவிடமுடியாது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும். அதை வாட்டும் காற்றாடிகள் இரவு முழுதும் சுழலவேண்டும். ஸ்டோரின் மின்செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. டீசல் கிடைக்கவில்லை. வாட்டுத் தொட்டியில் கொழுந்து சூடேறிக் கெட்டால் மறுநாள் பறிக்கச் சொல்லமாட்டார்கள். அன்றைய வேலைக்குப் பெயர் போடாவிட்டால் சம்பளம் இல்லை. எரிசக்திப் பாதுகாப்பு என்று மாநாடுகளில் பேசப்படும் விடயம் தோட்டத்தில் பெரட்டுக் களத்தில், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்தில், தீர்மானிக்கப்படுவது இவ்வாறே. அதே ஆண்டு ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் உயர்த்தப்பட்ட மின்கட்டணம் ஸ்டோரையும் காம்பராவையும் ஒருங்கே தாக்கியது. காம்பராவில் இரண்டு மின்குமிழ் எரிப்பவருக்கு அணைப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

கூரை யாருடையது

2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமயத் திட்டத்தின் பின், நகரத்து வீடுகளின் கூரைகளில் சூரியப் படல்கள் வேகமாகப் பரவின. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைச் சபைக்கு விற்றுப் பணம் பெறலாம். நடுத்தர வர்க்கத்துக்கு அது மாத வருமானமாக மாறியது. அதில் சேர மூன்று வேண்டும்: சொந்தப் பெயரில் மின்மானி, வங்கிக் கடனுக்கு ஈடாக ஏதேனும் ஒன்று, பாரத்தைத் தாங்கும் கூரை. லயத்தில் மூன்றும் இல்லை. பத்து பன்னிரண்டு குடும்பங்கள் ஒரே முகட்டின் கீழ் இருக்கின்றன. அந்த முகடு தோட்டத்தினுடையது. அதன் சட்டங்களில் பாதி உளுத்தவை. நுவரெலியா மாவட்டத்து மூடுபனி வெயிலைக் குறைக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் வெயிலைக் குறை சொல்வதற்கு முன் கூரைக்குப் போகவேண்டும்.

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் மலையகத்தில் 4,000 வீடுகள் கட்டப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். தனிக் கூரை, ஏழு பேர்ச் காணி என்ற இந்த மாற்றத்தை வீடமைப்பாக மட்டும் பார்ப்பது போதாது. எரிசக்திக் கொள்கையாகவும் பார்க்கவேண்டும். உறுதி கையில் உள்ள குடும்பம் மின்மானியைத் தன் பெயருக்கு மாற்றும், கம்பியைப் புதிதாக இழுக்கும், ஒருநாள் படலும் பொருத்தும். புதிய வீட்டுத் தொகுதிகளின் கூரைகளைச் சேர்த்து ஒரு பொது நிலையமாகப் பதிவு செய்யவும் முடியும். வீடு கட்டும்போதே கூரையின் திசையையும் சட்டத்தின் பலத்தையும் அதற்கேற்ப அமைத்தால் கூடுதல் செலவு சொற்பமே. அது பற்றி வீடமைப்பு அதிகாரிகளும் மின்சார அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை.

சூரியசக்தி பெருகப் பெருக மலைநீரின் மதிப்பும் ஏறுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டின் மின்தேவை சரிந்தபோது, கூரைப் படல்களைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. பகலில் மிகுதி, மாலையில் பற்றாக்குறை என்ற இந்தச் சிக்கலை அவிழ்க்க, சில நிமிடங்களில் முழு வேகம் எடுக்கக்கூடிய நீர்மின் நிலையங்களே கைக்கருவி. பகல் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் நிலையத்தை அரநாயக்கப் பகுதியில் மஹா ஓயாவில் அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. 2016 மே மாதத்தில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதும் அந்த அரநாயக்கதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் இல்லாமல் முன்பக்கத்தில் இருக்கவேண்டும்.

பத்துச் சதத்தின் கணக்கு

இந்தியாவில் 2008ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை, திட்டம் அமையும் மாநிலத்துக்கு 12 வீத இலவச மின்சாரத்துக்கு மேலாக, 1 வீதத்தை உள்ளூர் அபிவிருத்தி நிதிக்கு ஒதுக்கியது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குப் பத்தாண்டு காலம் மாதம் 100 அலகு வழங்கவும் சொன்னது. நேபாளத்தில் திட்டம் அமையும் பகுதி மக்களுக்கு நிறுவனத்தின் 10 வீதப் பங்குகள் விற்கப்படுகின்றன. இரண்டிலும் ஓட்டைகள் உண்டு. ஆயினும் நீர் ஊற்றெடுக்கும் இடத்துக்கு அதன் வருமானத்தில் பாத்தியதை உண்டு என்ற கொள்கை அங்கே எழுத்தில் இருக்கிறது. இலங்கையில் அது இல்லை.

மேல் கொத்மலையின் 40 கோடியே 90 இலட்சம் அலகுகளில், அலகொன்றுக்குப் பத்துச் சதத்தை, அதாவது ஒரு ரூபாவில் பத்திலொரு பங்கை, ஒதுக்கினால் ஆண்டுக்கு 4 கோடியே 9 இலட்சம் ரூபா சேரும். பாவனையாளரின் மின்பட்டியலில் அது கண்ணுக்கே தெரியாது. நீரேந்து பகுதியிலுள்ள லயங்களின் கம்பிகளை ஒவ்வொரு டிவிசனாக மாற்ற அது போதும். லக்சபானத் தொகுதியையும் கொத்மலையையும் சிறு நிலையங்களையும் சேர்த்தால் தொகை பல மடங்காகும். எதற்குச் செலவிடுவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை: முதலில் மின்னொழுக்கு இல்லாத கம்பி, அடுத்துச் சரிவில் காண் வெட்டுவோருக்குக் கூலி, பின்னர் கூரை.

பணத்தை யார் வைத்திருப்பது என்பதுதான் சிக்கல். கம்பனியிடம் கொடுத்தால் அது தோட்டச் செலவில் கரையும்; தொழிற்சங்கத்திடம் கொடுத்தால் எந்தச் சங்கம் என்ற சண்டை வரும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட நெடுங்காலம் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் நிறுவப்பட்டது. ஆகவே பிரதேச சபையிடம் தனிக் கணக்காக நிதியை வைத்து, நீரேந்து பகுதியின் டிவிசன்களிலிருந்து தெரிவாகும் குழுவின் ஒப்புதலோடு செலவிடும் ஏற்பாட்டுக்கு இன்று சட்டத்தில் இடமுண்டு. தலவாக்கலை–லிந்துலை நகரசபை எல்லைக்குள் அணை நிற்க, மழை பெய்யும் மலைகள் பிரதேச சபைகளின் எல்லைக்குள் இருப்பதால், இரண்டுக்கும் இடையே பங்கு எவ்வாறு என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளவேண்டும்.

இதற்கு நாள் குறித்தும் பேசலாம். தோட்டக் குத்தகைகள் முடியும் 2045க்கு இன்னும் இருபது ஆண்டளவே இருக்கிறது. சிறு நீர்மின் நிலையமொன்றுக்கான கொள்வனவு ஒப்பந்தத்தின் வழக்கமான காலமும் அவ்வளவே. ஆகவே இனிக் கையெழுத்தாகும் ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் குத்தகையின் கடைசி நாள்வரை, அல்லது அதற்கும் அப்பால், ஓடையைக் கட்டிவைக்கும். குடியிருப்பாளரின் நீர் உரிமையையும் வருமானப் பங்கையும் சேர்க்கும் வாசகம் அந்த ஒப்பந்தப் படிவத்தில் இடம்பெறவேண்டுமானால், படிவத்தைத் தயாரிக்கும் மின்சார சபையிடமும் அனுமதி வழங்கும் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபையிடமும் மலையகப் பிரதிநிதிகள் இப்போதே போகவேண்டும். மேல் கொத்மலை விடயத்தில் அவர்கள் போனது, அணையின் வரைபடம் வரைந்து முடிந்த பின்பு.